எனக்காக மச்சாள் சொன்ன ஓம்

என் கலியாணப் பதிவு நடந்த அன்று, பதிவுகாரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பிள்ளைக்குச் சம்மதமோ?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சம்மதம் இல்லாமல் இல்லை. இத்தனை பேர் கூடியிருக்கிற இடத்தில் என் சத்தம் கேட்கப்போகிறதே என்ற பயம்தான். நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓம், ஓம், அவளுக்குச் சம்மதம். நீங்கள் எழுதுங்கோ."

பதிவுகாரர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். "அம்மா, நான் உங்களைக் கேக்கேல்லை. பொம்பிளையைக் கேட்டனான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில்தான் நான் என்னுடைய ஓமைச் சொன்னேன். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. எழுதிவிட்டார்.

அந்தக் குரல் என் மச்சாளுடையது. என் கணவரின் மூத்த சகோதரி. அன்று தொடங்கி எனக்காகக் கதைப்பதை அவ தன் வேலையாகவே எடுத்துக்கொண்டா. பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பிறகு வெயிலுக்குள் நடந்து வருகிறவள் நான். மச்சாள் கூட வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்து என்ன வருத்தம் என்று கேட்பார். மச்சாள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இவளுக்கு இஞ்சை நோகுதாம்" என்று சொல்லுவா. ஒருமுறை டொக்டர் மச்சாளையே கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்திலும் நான் இப்படித்தான் இருந்தேன். விடை தெரிந்தாலும் கையை உயர்த்தமாட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாய் திறக்காத பிள்ளை என்று எல்லா ரீச்சர்மாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். கலியாணம் முடித்து, பிள்ளைகள் பிறந்து, தலையில் நரை விழுந்த பிறகும் அந்தப் பிள்ளை எனக்குள் அப்படியே இருந்தது.

நண்டு வேலைக்கு என்னைக் கூட்டிப்போனதும் மச்சாள்தான். அரியாலையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் அந்த இடம் இருக்கிறது. நாங்கள் கொம்பனி என்று சொல்லுவோம். களப்பிலும் கடலிலும் பிடிக்கிற நீலக்கால் நண்டு அங்கே வரும். அவித்து ஆறவைத்த நண்டை மேசைகளைச் சுற்றி இருக்கும் பெண்கள் உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுத்துத் தட்டில் வைப்பார்கள். தட்டுக்குக் கீழே ஐஸ் இருக்கும். அந்தச் சதை கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் எங்களில் பாதிப் பேர் விரதம். விடியத் தொடங்கி நண்டு உரித்த கையைக் கழுவி மணந்து பார்த்து, திரும்பவும் கழுவிவிட்டு, மரக்கறிச் சோறு சாப்பிடுவோம்.

மச்சாள் இரண்டாம் மேசையில் இருந்தா. எல்லோரும் அவவைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை நீல அறைக்குப் போட்டார்கள்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. மேசைக்கு மேலே நீலம் கலந்த ஊதா நிறத்தில் ஒரு லைற் மட்டும் எரியும். மண்டபத்தில் உரித்த சதையெல்லாம் என்னிடம்தான் கடைசியாக வரும். அந்த லைற்றுக்குக் கீழே பரப்பினால் சதை மங்கலாகக் கிடக்கும். அதற்குள் ஒளிந்திருக்கும் ஓட்டுத் துண்டு மட்டும், இருட்டில் கடல் தண்ணீரைக் கலக்கினால் பொறி பறக்குமே, அப்படி மின்னும். சின்னச் சாவணத்தால் அதைக் கவ்வி எடுத்துப் போடுவது என் வேலை. ஒரு துண்டு தவறினாலும் வாங்குகிறவனின் வாயைக் கிழித்துவிடும்.

எனக்கு அந்த அறை பிடித்துக்கொண்டது. அங்கே ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். தட்டுக் கொண்டுவருகிற பெண்கள் இருட்டுக்குள் வந்து கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்கள். முகம் தெரியாத இடத்தில் மனுசர் வேறு மாதிரிக் கதைப்பார்கள். புருசன் குடிப்பதைச் சொல்லுவார்கள். மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்பதைச் சொல்லுவார்கள். நானும் சதையில் இருந்து கண்ணை எடுக்காமல் ஏதாவது சொல்லுவேன். வீட்டில் சொல்லாததையும் அங்கே சொல்லியிருக்கிறேன். என் குரல் அந்த அறையில் எனக்கு அந்நியமாகக் கேட்டதில்லை. ஆனால் கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு வந்ததும் அது எங்கேயோ போய்விடும்.

எங்கள் சுப்பவைசர் அக்காவின் குரல் வேறு. அவவின் தகப்பன் கடற்கரையில் மீனை ஏலம் கூறி விற்றவர். அந்தக் குரல்தான் அவவுக்குக் கிடைத்த சீதனம் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று அவ ஒரு சொல் சொன்னால் மற்ற மூலையில் கத்தி நின்றுவிடும். அந்த அக்கா மகளோடு இருக்கவென்று வவுனியாவுக்குப் போனபோது, அவவின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

மனேச்சர் இளம் ஆள். வட்டுக்கோட்டைப் பக்கம், தோட்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. முகத்துக்கு முன்னால் சேர் என்போம். பின்னால் தம்பி என்போம். ஒருநாள் காலையில் அவர் என்னை மண்டபத்துக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அக்கா, உங்களைப்போலக் கவனமான ஆள் இஞ்சை இல்லை. சுப்பவைசர் வேலையை நீங்கள் எடுக்கிறீங்களோ?"

அத்தனை பேரின் கண்ணும் என்மேல். எனக்குக் கலியாணப் பதிவு ஞாபகம் வந்தது. வந்த கையோடு இரண்டாம் மேசையில் இருந்து குரலும் வந்தது.

"ஓம், ஓம், அவள் செய்வாள். சேர் எழுதுங்கோ."

இந்தமுறை ஒருவரும் அவவைத் திருத்தவில்லை. அப்படித்தான் நான் பொறுப்புக்கு வந்தேன்.

"உனக்கு எல்லாம் இருக்கு. சத்தம் மட்டும்தான் இல்லை. அதைப் பழகலாம்" என்றா மச்சாள். அன்று பின்னேரமே வீட்டுக்குப் பின்னால் களப்புக் கரைக்குக் கூட்டிப்போனா. பழைய சுப்பவைசர் அக்கா சொல்லுகிற ஒரு வசனம் இருந்தது. அதைச் சொல்லச் சொன்னா.

"வாய் குறையட்டும், கை ஓடட்டும்" என்றேன்.

"அது என்ன, சாமிக்கு நேத்தி வைக்கிறியோ? வயித்துக்குள்ளையிருந்து எடடி!"

"வாய் குறையட்டும்! கை ஓடட்டும்!"

சேற்றில் நின்ற கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது. "பார், கொக்குக்குக் கேட்டிட்டுது" என்று மச்சாள் கைதட்டினா. வேலியோரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தி, "ஆரை ஏசுறியள்?" என்று கேட்டார்.

"நண்டை" என்றா மச்சாள். "நாளைக்கு உன்னை ஏசுவாள். காதைத் தீட்டி வைச்சிரு."

கொக்குக்குக் கேட்டது மண்டபத்துக்குக் கேட்கவில்லை. அடுத்தநாள் நான் நடுவில் நின்று அதே வசனத்தைச் சொன்னேன். "கை" என்ற இடத்தில் குரல் கீச்சிட்டு உடைந்தது. மூன்றாம் மேசையில், வல்வெட்டித்துறையில் இருந்து எங்கள் பக்கம் கலியாணம் முடித்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் வாய்க்காரி என்போம். அவளுக்கும் அது தெரியும், பெருமைதான்.

"அக்கா" என்றாள் அவள், நண்டில் இருந்து கண்ணை எடுக்காமல். "அவ போகேக்கை அங்கியைக் கழட்டி வைச்சிட்டுப் போனவ. குரலையும் கழட்டி வைச்சிட்டோ போனவ?"

மாஸ்க்குக்குள் எல்லோரும் சிரிப்பது தோள்களில் தெரிந்தது. இன்னொரு நாள், "ரேடியோ சரியாய்ப் பிடிக்கேல்லை, ஆரும் கம்பியைத் திருப்பிவிடுங்கோ" என்றாள். நான் கையுறை மாற்றச் சொன்னால் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பார்கள். மாற்றமாட்டார்கள். கெட்ட பெண்கள் இல்லை. நான் சொல்லுவது அவர்களுக்கு என்னிடமிருந்து வருகிற மாதிரியே இருக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறொருத்தியின் செருப்பைப் போட்டு நடக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியிலும் கழன்றது.

நீல அறைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதனால் காலையில் மண்டபத்தில் நிற்பேன், மத்தியானத்துக்குப் பிறகு அறைக்குள் போவேன். அந்த அறைக்குள் வைத்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது.

ஒவ்வொரு தட்டிலும் உரித்தவரின் அடையாளத்துக்கு ஒரு வில்லை இருக்கும். மச்சாளின் தட்டைப் பார்க்க எனக்கு வில்லை தேவையில்லை. சதையை உடையாமல் எடுத்து, பெட்டியில் மீன் அடுக்குகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்து அடுக்குவது அவ மட்டும்தான். அந்த வரிசைக்குள் இப்போது ஓடு மின்னத் தொடங்கியது. முதல்நாள் அங்கொன்று இங்கொன்று. பிறகு கூடியது. நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போட்டேன். மச்சாளுக்கும் சொல்லவில்லை. என்ன சொல்லிச் சொல்வது? எனக்குக் கதைக்கத் தெரியாத இடங்களிலெல்லாம் அவதான் கதைத்தா. இதை அவவிடமே கதைப்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் மண்டபத்தில் வேலை இழுபட்டு, அறைக்குள் அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பினேன். அந்தச் சதை போன கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து முறைப்பாடு வந்தது. சதைக்குள் ஓடு. ஒரு வெள்ளிக்கிழமை காலை மனேச்சர் என்னை ஒபீசுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, வில்லையைப் பாத்தால் ஆளைப் பிடிக்கலாம் தானே? இண்டைக்கு வேலை முடிய முதல் எனக்கு ஆளைச் சொல்லுங்கோ. வேலையாலை நிப்பாட்டவேணும். இல்லாட்டி இந்த ஓடரே நிண்டிடும், பிறகு எல்லாருக்கும்தான் வேலை இல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன முகமாக இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம், சாப்பாட்டுக் கொட்டிலுக்கு வெளியே வேம்புக்குக் கீழே மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவவின் மகன் குடும்பத்தோடு மன்னாரில் இருக்கிறான். மச்சாள் தனிய. வீட்டில் நாள் முழுக்கக் கதைக்க ஆள் இல்லை. கொம்பனிதான் அவவின் ஊரும் உறவும். அவ சாப்பாட்டுப் பார்சலைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கத்தரிக்காய் எது, கருவேப்பிலை எது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தா. பையில் இருந்து கைலேஞ்சியை இழுத்தபோது ஒரு பொருள் சறுக்கி என் மடியில் விழுந்தது. கண்ணாடிக் கூடு. புதிது.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"எடுத்துக் கன நாள். ஆருக்கும் சொல்லிப்போடாதை" என்று பறித்து உள்ளே வைத்தா. "போட்டு என்ன? மாஸ்க்கைக் கட்டினால் விடுற மூச்சு முழுக்கக் கண்ணாடியிலை ஏறுது. மார்கழிப் பனிக்குள்ளை நிண்டு நண்டு உரிக்கிற மாதிரி. அதோடை கண்ணாடியைக் கண்டால் கிழவிக்குக் கண் போயிட்டுது எண்டு அனுப்பிப்போடுவினம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, மனேச்சர் சொன்னதைச் சொன்னேன். அவவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவவின் விரல் கத்தரிக்காயில் நின்றுவிட்டது. மச்சாளிடம் சத்தம் இல்லாமல் நான் அதுவரை இருந்ததில்லை.

"நான் என்ன சொல்ல, மச்சாள்?"

"அதை நான் எப்பிடியடி சொல்லுறது?" என்றா. பார்சலை மடித்தா. பாதிச் சோறு அதற்குள் இருந்தது. "எல்லாத்துக்கும் நான் சொன்னன். இதுக்கு நீதான் சொல்லவேணும்."

அவவை நிற்பாட்டினால் அவ ஒன்றும் பட்டினி கிடக்கமாட்டா. எங்கள் வீடு இருக்கிறது. ஆனால் காலையில் எழும்பி, சைக்கிளைத் துடைத்து, வழியெல்லாம் ஆட்களை மறித்துக் கதைத்துக்கொண்டு வருகிற அந்த மனுசி இல்லாமல் போய்விடுவா. அது எனக்குத் தெரிந்தது. அவவைக் காப்பாற்ற நான் வாய் திறந்தால், சொந்த மச்சாளுக்காகக் கதைக்கிறாள் என்று எல்லோரும் சொல்லுவார்கள் என்பதும் தெரிந்தது. பொய்யும் இல்லையே.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் திரும்பவும் மேசைகளுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

இலையான் வரக்கூடாது என்று எங்கள் மண்டபத்து ஜன்னலெல்லாம் அடைத்திருக்கும். லைற் இல்லையென்றால் பட்டப்பகலிலும் இருட்டுத்தான். மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. "ஐயோ" என்று ஒருத்தி, "ஐசு" என்று ஒருத்தி, கதிரைகள் இழுபடுகிற சத்தம், எங்கேயோ ஒரு தட்டு விழுந்த சத்தம். வெளியே ஜெனரேற்றரை இழுத்துப் பார்த்தார்கள். அது ஒருநாளும் கேட்டவுடனே எழும்பாது. இப்படியான நேரத்தில் பழைய அக்கா ஒரு குரல் போட்டால் அவ்வளவும் அடங்கிவிடும். நானும் வாயைத் திறந்தேன். வயிற்றுக்குள் இருந்து எடுக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அந்த இருட்டில் அப்படியே நின்றபோது எனக்கு ஒரு விசயம் உறைத்தது. ஒருவருக்கும் என் முகம் தெரியவில்லை. இது நான் நாள்தோறும் இருக்கிற அறைதான். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"ஆரும் எழும்பாதேங்கோ" என்றேன். நீல அறையில் கதைக்கிற மாதிரித்தான், அதைவிடக் கூட இல்லை. "தட்டை ஐசுக்கு மேலை வைச்சு மூடுங்கோ. கதவு திறக்கவேண்டாம், இலையான் வந்திடும். நான் இஞ்சைதான் நிக்கிறன்."

"ஆர் கதைக்கிறது?" என்று ஒரு குரல்.

"அக்கா."

"எந்த அக்கா?"

"எங்கடை அக்காதான். நீல அறை அக்கா." அது வாய்க்காரியின் குரல். "சத்தம் போடாமல் இருங்கோடி, அவ சொல்லுறது கேக்கேல்லை."

சத்தம் குறைந்தது. என் குரல் சின்னது, ஆகவே அவர்கள் தங்கள் குரலைச் சின்னதாக்கினார்கள். மூடிகள் ஒவ்வொன்றாகப் பொருந்துகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எல்லோரும் நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் சொன்னேன்.

"கரண்ட் வருமட்டும் ஒண்டு கதைக்கவேணும். கொழும்புக்குப் போன சதைக்குள்ளை ஓடு கிடந்ததாம். வேலை முடிய முதல் நான் சேரிட்டை ஒரு ஆளைச் சொல்லவேணும். எனக்கு ஆளைத் தெரியும். அவ கவனக்குறைவாய்ச் செய்யேல்லை. கிட்டத்துப் பார்வை தெரியேல்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தெரியேல்லை. ஊசியிலை நூல் கோக்க மகளைக் கூப்பிடுறன். அந்த அறையிலை ஓடு தானாய் மின்னுறபடியால்தான் நான் இவ்வளவு காலமும் தப்பினனான்."

அதைச் சொல்லிமுடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. மனதுக்குள் வைத்துக் காலையிலிருந்து உருட்டியபோது வராத ஒன்று, வாயால் சொன்னபோது வந்து நின்றது.

"வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று கேட்டேன்.

நாலாம் மேசைப் பக்கமிருந்து, "எனக்கும் அக்கா. கிட்டத்திலைதான் தெரியேல்லை." பின்னால் இன்னொரு குரல், "எனக்குப் பின்னேரமானால் கண்ணீர் வடியுது." "நான் விரலாலை தடவித்தான் பாக்கிறன்." யார் யாரென்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அதனால்தான் அவர்கள் சொன்னார்கள்.

கடைசியாக இரண்டாம் மேசை.

"ஓடு கிடந்தது என்ரை தட்டிலைதான்" என்றா மச்சாள். அவவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "பைக்குள்ளை கண்ணாடி கிடக்கு. போடாமல் இருந்திட்டன்."

மண்டபம் அப்படியே இருந்தது. அப்போது வாய்க்காரி,

"அப்ப பெரியக்கா, போன கிழமை என்ரை சட்டை நல்ல வடிவு எண்டு சொன்னீங்களே?"

"நிறம் தெரிஞ்சது. சட்டை தெரியேல்லையடி."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மச்சாளும் சிரித்தா. அந்தச் சிரிப்போடு ஜெனரேற்றர் எழும்பியது. லைற் வந்ததும் எல்லோரும் அவசரமாகத் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள், ஏதோ குளிக்கிற இடத்தில் ஆள் வந்துவிட்ட மாதிரி.

வேலை முடிய நான் கையுறையைக் கழற்றிவிட்டு ஒபீசுப் பக்கம் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். மச்சாள் எழும்பி வந்துகொண்டிருந்தா. எத்தனையோ கந்தோர்களுக்கு என்னோடு வந்தது போல.

"நீங்கள் இருங்கோ மச்சாள்" என்றேன். "நான் கதைக்கிறன்."

அவ என்னைப் பார்த்தா. பிறகு திரும்பிப் போய் வேம்புக்குக் கீழே இருந்தா.

ஒபீசுக்குள் குழல்விளக்கு நல்ல வெளிச்சமாக எரிந்தது. வெளிச்சத்தில் அந்தக் குரல் வருமோ என்று தெரியவில்லை. மனேச்சர் கதிரையைக் காட்ட, நான் இருந்தேன்.

"தம்பி" என்றேன். சேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தம்பி என்று வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

"ஓடு கிடந்தது என்ரை மச்சாளின்ரை தட்டிலை. கண் தெரியேல்லை. மாஸ்க்கோடை கண்ணாடி போடேலாது, மூச்சு ஏறி மங்குது. அவவை நீல அறைக்கு விடுங்கோ. அங்கை ஓடு மின்னும், தவறாது. நான் முழுநேரமும் மண்டபத்திலை நிக்கிறன்."

அவர் பேனையை உருட்டினார். "உங்கடை மச்சாள் எண்டபடியாலோ அக்கா இதைச் சொல்லுறீங்கள்?"

"ஓம்" என்றேன். "மச்சாள் எண்டபடியால்தான் இவ்வளவு யோசிச்சனான். வேற ஆள் எண்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பன். ஆனால் இவ்வளவு பயந்திருக்கமாட்டன். மண்டபத்திலை எல்லாருக்கும் தெரியும். ஒளிச்சு ஒண்டும் செய்யேல்லை. இன்னும் சில பேருக்கும் கண் கரைச்சலாய் இருக்கு. ஆரெண்டு என்னைக் கேக்காதேங்கோ. அவையளே வந்து சொல்லுற மாதிரி நீங்கள் ஒரு வழி பாக்கவேணும்."

இவ்வளவு நீளமாக நான் வெளிச்சத்தில் கதைத்தது அதுதான் முதல்முறை. அவர் உடனே ஓம் சொல்லவில்லை. தனக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், அதற்குள் ஒரு துண்டு வெளியே போனாலும் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். சரி என்றேன்.

வெளியே வந்தபோது மச்சாள் எழும்பி நின்றா. "என்னவாம்?" என்று கேட்டா. நான் சொன்னேன். அவ நடந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "தம்பி எண்டோ சொன்னனி? முகத்துக்கு நேரையோ?" என்றா. வீடுவரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடினா.

அந்த மாதம் மச்சாளுக்கு நீல அறை பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. வேலையில் பிழை இல்லை. கதைதான் கூடிவிட்டது. தட்டுக் கொண்டுபோன பெண்கள் திரும்பி வராமல் நான் போய்க் கூட்டிவரவேண்டியிருந்தது. "இருட்டுக்குள்ளை இருந்தால் கதை நல்லாய் வருகுதடி, நீ இதை எனக்குச் சொல்லாமல் இவ்வளவு காலமும் தனிய அனுபவிச்சிருக்கிறாய்" என்று குறைப்பட்டா. மண்டபத்தில் ஒருநாள் வாய்க்காரி மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு வந்தாள். அப்படி ஒட்டினால் மூச்சு மேலே ஏறாதாம், ஆஸ்பத்திரித் தாதிமார் செய்கிற வேலையாம். அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சும்மா ஒட்டிக்காட்டினாள். அடுத்த கிழமை நாலாம் மேசையில் ஒரு கண்ணாடி வந்தது, பிறகு இன்னொன்று. பிளாஸ்ரர் வாங்கித்தர மனேச்சர் ஒத்துக்கொண்டார். ஒருத்தி மட்டும் கண் டொக்டரிடம் போகக் கூச்சப்பட்டு வேலையை விட்டுப்போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போய்க் கதைத்தேன். வரவில்லை. அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

மண்டபத்தில் நான் இப்போது நடுவில் நிற்பதில்லை. ஒரு கத்தியும் தட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மேசையில் போய் இருந்து, நண்டு உரித்துக்கொண்டே சொல்லவேண்டியதைச் சொல்லுவேன். கை வேலை செய்தால் எனக்கு வாய் வருகிறது. முதலாம் மேசையில் சொன்னது கடைசி மேசைக்குப் போக நேரம் எடுக்கும். ஆனால் போய்விடும்.

மாத முடிவில் ஒருநாள் மனேச்சர் நீல அறைக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். மச்சாள் தட்டுக்குமேல் குனிந்திருந்தா. கொழும்பிலிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை என்றார். பிறகு கேட்டார்,

"அன்ரி, உங்களுக்கு இந்த அறையிலையே தொடர்ந்து இருக்க விருப்பமோ?"

மச்சாள் சாவணத்தை வைத்தா. நிமிர்ந்தா. யாருக்கும் எப்போதும் விடை வைத்திருக்கிற என் மச்சாளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தொண்டை அடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"ஓம், ஓம், அவவுக்கு விருப்பம்" என்றேன். "நீங்கள் எழுதுங்கோ."

மனேச்சர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நான் உங்களைக் கேக்கேல்லை."

அந்த ஊதா லைற்றுக்குக் கீழே முகம் தெரியாது. வெள்ளைத் துணி மட்டும் மின்னும். மச்சாளின் மாஸ்க் நீலமாக மின்னிக்கொண்டு குலுங்கியது, நிற்காமல் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்குள் ஓர் ஓம் இருந்தது. அவருக்குக் கேட்டதோ தெரியாது. எனக்குக் கேட்டது.